மேம்பாலம் ஏறும்போது மட்டும் நெஞ்சு இறுகுகிறது: வாயுவா, இதயமா?

கரிசல்காட்டான் | திங்கள், இரவு 8.50

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 51. தீப்பெட்டிக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். தினமும் காலையில் சைக்கிளில் வேலைக்குப் போகிறேன். வழியில் ரயில்வே மேம்பாலம் ஒன்று உண்டு. இருபது வருடங்களாக அதில் ஏறி இறங்குகிறவன்தான்.

மூன்று வாரங்களாக, பாலத்தில் பாதி ஏறியதும் நெஞ்சின் நடுவில் ஓர் இறுக்கம் வருகிறது. வலி என்று சொல்ல முடியவில்லை. ஈரத் துணியை முறுக்கிப் பிழிவது போல இருக்கிறது. சைக்கிளை நிறுத்திக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றால் இரண்டு மூன்று நிமிடங்களில் போய்விடுகிறது. மாலையில் திரும்பும்போது பெரும்பாலும் வருவதில்லை. காலையில் இட்லி, தோசை சாப்பிட்டுவிட்டுப் போவதால் வாயுவாக இருக்கும் என்று அம்மா ஓமத் தண்ணீர் வைத்துத் தருகிறார்கள். குடித்தால் ஏப்பம் வருகிறது, கொஞ்சம் இதமாகவும் இருக்கிறது. ஆனால் மறுநாள் காலை மறுபடியும் அதே இடத்தில் வந்துவிடுகிறது.

சர்க்கரை உண்டு, ஐந்து வருடங்களாக மாத்திரை. பீடி பழக்கம் இருந்தது, விட்டு இரண்டு வருடங்கள் ஆகின்றன. இதற்கு டாக்டரைப் பார்க்க வேண்டுமா, அல்லது உணவை மாற்றினால் போதுமா?

வேப்பமரநிழல் | திங்கள், இரவு 9.05

அண்ணா, எனக்கும் இப்படி இருந்தது. காலையில் உளுந்து சேர்ந்த பலகாரத்தை நிறுத்திவிட்டு, இரவில் பூண்டுப் பால் குடித்தேன். பத்து நாளில் சரியாகிவிட்டது. வாயு நெஞ்சுக்கு ஏறினால் இப்படித்தான் இறுக்கிப் பிடிக்கும். பயப்பட வேண்டாம். சாப்பிட்டவுடன் சைக்கிள் மிதிப்பதை மட்டும் தவிருங்கள்.

இரவுப்பணி | திங்கள், இரவு 9.20

அரசு மருத்துவமனையில் 31 ஆண்டுகள் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அதில் ஒன்பது ஆண்டுகள் இதயப் பிரிவில்.

தம்பி வேப்பமரநிழல், நீங்கள் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறீர்கள். ஆனாலும் இவருக்குப் பூண்டுப் பால் சொல்லாதீர்கள். கரிசல்காட்டான், நான் கேட்பதற்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்லுங்கள். மூன்று வாரத்துக்கு முன்பு பாலத்தின் எந்த இடத்தில் வந்தது, இப்போது எந்த இடத்தில் வருகிறது? நிற்கும் நேரம் கூடியிருக்கிறதா? வரும்போது வியர்க்கிறதா? கை, தாடை, தோள், முதுகு எங்காவது பரவுகிறதா? எல்லாவற்றுக்கும் மேலாக இதைச் சொல்லுங்கள்: சும்மா உட்கார்ந்திருக்கும்போதோ படுத்திருக்கும்போதோ ஒரு தடவையாவது வந்ததா?

கரிசல்காட்டான் | திங்கள், இரவு 9.45

அக்கா, நீங்கள் கேட்ட பிறகுதான் யோசித்துப் பார்க்கிறேன். முதலில் பாலத்தின் உச்சிக்கு அருகில்தான் வந்தது. இப்போது ஏற்றம் தொடங்கிய கொஞ்ச தூரத்திலேயே வந்துவிடுகிறது. முதலில் நின்றதுமே போய்விடும். இன்று காலை நான்கைந்து நிமிடங்கள் நின்றேன். இடது தோளிலிருந்து முழங்கை வரை ஒரு கனம் இருந்தது. வியர்வை உண்டு, ஆனால் சைக்கிள் மிதித்ததால் என்று நினைத்தேன்.

நேற்று இரவு சாப்பிட்டுப் படுத்த பிறகு ஒரு தடவை வந்தது. பத்து நிமிடங்கள் இருந்திருக்கும். எழுந்து உட்கார்ந்து ஓமத் தண்ணீர் குடித்தேன், போய்விட்டது. அதனால்தான் வாயு என்று உறுதியாக நினைத்தேன்.

இரவுப்பணி | திங்கள், இரவு 9.48

காலை வரை காத்திருக்காதீர்கள். இப்போதே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். சைக்கிளையோ மோட்டார் சைக்கிளையோ நீங்கள் ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. வீட்டில் யாரையாவது கூட்டிக்கொண்டு ஆட்டோவில் போங்கள். இந்த நேரத்தில் மறுபடியும் இறுக்கம் வந்தால் உட்கார்ந்துகொண்டு 108-ஐ அழையுங்கள். சாப்பிடும் மாத்திரைகளைப் பையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கே போய் "வாயு மாதிரி இருக்கிறது" என்று சொல்லாதீர்கள். மேலே எனக்கு எழுதினீர்களே, பாலத்தில் இடம் மாறியது, நிற்கும் நேரம் கூடியது, நேற்று படுக்கையில் வந்தது, அதை அப்படியே சொல்லுங்கள்.

நீர்க்கடம்பு | திங்கள், இரவு 10.15

அண்ணா கிளம்பியிருப்பார் என்று நம்புகிறேன். நான் எழுதுவதை அவர் வந்து படித்தாலும் பரவாயில்லை.

என் கணவருக்கு அப்போது 46 வயது. இரவு இரண்டு மணிக்கு எழுப்பி, நெஞ்சில் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தது போல இருக்கிறது என்றார். பனியன் நனைந்திருந்தது. முந்தைய நாள் ஒரு விருந்தில் பிரியாணி சாப்பிட்டிருந்தார். நான் சோடா வாங்கப் பையனை எழுப்பினேன். கடைகள் மூடியிருந்தன. வீட்டிலிருந்த இஞ்சியைத் தட்டிச் சாறு எடுத்துக் கொடுத்தேன். வாந்தி எடுத்தார். வாந்தி எடுத்ததும் "இப்போது தேவலை" என்றார். செரிமானக் கோளாறுதான் என்று எனக்கும் நிம்மதியாகிவிட்டது. விடிந்ததும் போகலாம் என்று படுத்துக்கொண்டோம். நாலரை மணிக்கு மூச்சு நின்றுவிட்டது.

எட்டு வருடங்கள் ஆகின்றன. அந்த இரண்டரை மணி நேரத்தில் எங்கள் வீட்டிலிருந்து மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு மூன்று தடவை போய்வந்திருக்கலாம். வாந்தியும் ஏப்பமும் மாரடைப்பிலும் வரும் என்று அன்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அதனால் நான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மெல்லநடப்பவன் | திங்கள், இரவு 10.40

அம்மா, உங்கள் இழப்பைப் படித்து மனம் கனக்கிறது. ஆனால் வேறு ஒரு பக்கத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்கு 29 வயது. இரண்டு வருடங்களுக்கு முன் இப்படி நெஞ்சு இறுக்கத்தோடு ஒரே மாதத்தில் நான்கு முறை அவசரப் பிரிவுக்கு ஓடினேன். ஈசிஜி, இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கும் எக்கோ, ரத்தப் பரிசோதனை எல்லாமே சரியாக இருந்தன. கடைசியில் மனப்பதற்றம் என்று கண்டுபிடித்து மனநல மருத்துவர் சிகிச்சை கொடுத்தார். இப்போது நன்றாக இருக்கிறேன். இணையத்தில் இப்படிப்பட்ட பதிவுகளைப் படித்துப் படித்துத்தான் என் பயம் வளர்ந்தது. எல்லா நெஞ்சு இறுக்கத்தையும் மாரடைப்பு என்றால் என்னைப் போன்றவர்கள் என்ன செய்வது?

ஊர்மருத்துவர் | திங்கள், இரவு 11.30

தாலுகா மருத்துவமனை ஒன்றில் பொது மருத்துவராக இருக்கிறேன். பணி முடிந்து இப்போதுதான் படித்தேன். கரிசல்காட்டானிடம் அக்கா கேட்ட கேள்விகளைத்தான் நானும் கேட்டிருப்பேன். அவை ஏன் முக்கியம் என்று விளக்குகிறேன்.

இதயத் தசைக்கு ரத்தம் கொண்டு போகும் குழாய்களின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து வழி குறுகுகிறது. ஓய்வில் நிமிடத்துக்கு 70 முறை துடிக்கும் இதயத்துக்குக் குறுகிய வழியில் வரும் ரத்தமே போதும். மேட்டில் ஏறும்போது துடிப்பு 120, 130 என்று போகிறது, தேவை கூடுகிறது, வரத்து கூடவில்லை. தசை தவிக்கிறது. அந்தத் தவிப்புதான் இறுக்கமாகத் தெரிகிறது. நின்றால் தேவை குறைகிறது, இறுக்கம் போகிறது. லண்டனில் வில்லியம் ஹெபர்டன் என்ற மருத்துவர் 1768-இல் இதை ஒரு கூட்டத்தில் விவரித்தார். நடக்கும்போது, அதிலும் மேடு ஏறும்போது, அதிலும் சாப்பிட்டவுடன் வருகிறது, நின்றதும் மறைகிறது என்றார். ஈசிஜி கண்டுபிடிப்பதற்கு நூறு வருடங்களுக்கும் மேல் முன்னால் பார்த்துக் கேட்டே எழுதியது. நம் நண்பரின் பாலமும் காலைப் பலகாரமும் அதில் அப்படியே இருக்கின்றன.

சாப்பிட்டவுடன் ஏன் வருகிறது? உணவு செரிக்கக் குடலுக்குக் கூடுதல் ரத்தம் தேவைப்படுகிறது, அந்த வேலையும் இதயத்தின் தலையில்தான் விழுகிறது. அதோடு மேடும் சேர்ந்தால் சமாளிக்க முடியவில்லை. நாமோ "சாப்பிட்ட பிறகு வருகிறது, அதனால் வயிறுதான்" என்று முடிவு கட்டுகிறோம். இன்னொன்றும் உண்டு. இதயத்திலிருந்தும் உணவுக்குழாயிலிருந்தும் வரும் நரம்புகள் தண்டுவடத்தில் ஏறக்குறைய ஒரே மட்டங்களில் போய்ச் சேர்கின்றன. செய்தி எங்கிருந்து வருகிறது என்று மூளையால் துல்லியமாகப் பிரிக்க முடிவதில்லை. இதயத்தின் அடிப்பகுதியில் மாரடைப்பு வந்தால் குமட்டல், வாந்தி, மேல்வயிற்று வலி வருவது சகஜம். நீர்க்கடம்பு அம்மா, அன்று நீங்கள் ஏமாந்தது போல, பழகிய மருத்துவர்களே ஏமாந்திருக்கிறார்கள்.

நேற்று இரவு படுக்கையில் வந்ததுதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. உழைப்பில் மட்டும் வந்து, மாதக்கணக்காக ஒரே அளவில் இருப்பதை ஓரளவு நிலையானது என்போம். புதிதாகத் தொடங்கி, நாளுக்கு நாள் குறைந்த உழைப்பிலேயே வந்து, கடைசியில் ஓய்விலும் வந்தால், குழாயில் படிந்த கொழுப்பின் மேல்தோல் வெடித்து அங்கே ரத்தம் உறையத் தொடங்கியிருக்கலாம். முழுதாக அடைத்தால் அதுதான் மாரடைப்பு.

மெல்லநடப்பவன் தம்பி, உங்கள் கேள்வி நியாயமானது. பதற்றத்தால் வரும் நெஞ்சு இறுக்கம் பொய்யில்லை, அதுவும் உடல் படும் பாடுதான். ஆனால் உங்களுக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். முதலில் இதயத்தைப் பார்த்தார்கள், அதில் ஒன்றுமில்லை என்று உறுதி செய்தார்கள், அதன்பின் பதற்றம் என்றார்கள். அந்த வரிசை மாறக் கூடாது என்பதுதான் என் வேண்டுகோள். ஒருமுறை நன்றாகப் பார்த்த பிறகு அதே மாதிரி வரும் இறுக்கத்துக்கு ஒவ்வொரு இரவும் ஓட வேண்டியதில்லை. புதுவிதமாக வந்தால் மட்டும் மறுபடியும் காட்டுங்கள்.

நம் மக்களைப் பற்றி ஒன்று. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது தெற்காசியர்களுக்கு 53. மற்ற நாட்டவர்களுக்கு ஏறக்குறைய 59. ஆறு வருடங்கள் முந்திக்கொள்கிறது. ஆகவே "இந்த வயதில் எனக்கா" என்று நாற்பதுகளில் இருப்பவர்கள் தள்ளிப்போட வேண்டாம்.

கரிசல்காட்டான் | செவ்வாய், அதிகாலை 12.50

நண்பர்களே, வீட்டுக்கு வந்துவிட்டேன். மைத்துனரோடு பக்கத்தில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனேன். ஈசிஜி எடுத்தார்கள். இயல்பாக இருக்கிறது என்றார்கள். அசிடிட்டி என்று ஊசி போட்டு, பத்து நாளுக்கு மாத்திரை எழுதித் தந்தார்கள். பாலம், படுக்கை எல்லாவற்றையும் சொன்னேன். அங்கே இரவு டூட்டியில் இருந்த டாக்டருக்குக் கேட்க நேரமில்லை. மனசுக்கு ஆறுதலாக இருக்கிறது. எல்லோருக்கும் நன்றி.

இரவுப்பணி | செவ்வாய், அதிகாலை 1.05

நான் இன்னும் தூங்கவில்லை. தம்பி, உங்களுக்கு இறுக்கம் இல்லாத நேரத்தில் எடுத்த ஒரே ஒரு ஈசிஜி அது. அதை வைத்து நிம்மதி அடையாதீர்கள். ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனை செய்தார்களா? ஈசிஜியை மறுபடி எடுத்தார்களா? இரண்டும் இல்லையென்றால் பரிசோதனை இன்னும் முடியவில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். எடுத்த ஈசிஜி தாளையும் கொண்டு போங்கள், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க அது உதவும்.

ஊர்மருத்துவர் | செவ்வாய், காலை 6.10

அக்கா சொல்வது சரி. ஈசிஜி என்பது அந்தச் சில நொடிகளில் இதயத்தின் மின்னோட்டம் எப்படி இருந்தது என்று காட்டும் படம். குறுகிய குழாய் உள்ளவருக்கும் ஓய்வில் அது இயல்பாகவே இருக்கலாம். மாரடைப்பின் முதல் மணி நேரத்தில்கூட இயல்பாக இருந்து, பிறகு மாறியதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். சந்தேகம் இருந்தால் 15 முதல் 30 நிமிட இடைவெளியில் மறுபடி எடுக்க வேண்டும்.

ட்ரோபோனின் என்பது இதயத் தசைக்குள் இருக்கும் புரதம். தசை சேதமானால் ரத்தத்தில் கசியும். கசிந்து அளவில் தெரியச் சில மணி நேரம் ஆகும் என்பதால் அதையும் ஒரே தடவையோடு விடுவதில்லை. இடைவெளி விட்டு மறுபடி எடுத்து, கூடுகிறதா என்று பார்ப்பார்கள்.

கரிசல்காட்டான், படித்தால் உடனே கிளம்புங்கள். பாலம் வழியாகப் போக வேண்டாம்.

தாழம்பூ | செவ்வாய், காலை 9.30

ஒரு சந்தேகம். என் அப்பாவுக்கு, நெஞ்சு வலி வந்தால் நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரை எழுதித் தந்திருக்கிறார்கள். வீட்டில் யாருக்கு நெஞ்சு இறுகினாலும் அதில் ஒன்றை வைத்துவிடலாமா? வேகமாக இருமினால் மாரடைப்பு நிற்கும் என்று ஒரு செய்தியும் வாட்ஸ்அப்பில் வந்தது.

இரவுப்பணி | செவ்வாய், காலை 10.00

வேண்டாம் அம்மா. அந்த மாத்திரை ரத்தக் குழாய்களை விரித்து ரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்கும். ஏற்கெனவே அழுத்தம் குறைந்தவருக்கும், இதயத்தின் வலப்பக்கம் பாதிக்கப்பட்ட மாரடைப்பிலும், வால்வு சுருங்கியவருக்கும் அது ஆபத்து. ஆண்மைக் குறைவுக்கு மாத்திரை சாப்பிட்டவருக்கு உயிரையே எடுத்துவிடும், அதை வீட்டில் வெளியே சொல்லியிருக்கவும் மாட்டார்கள். அப்பாவின் மாத்திரை அப்பாவுக்கு மட்டும். அவரையும் உட்கார வைத்துத்தான் கொடுக்க வேண்டும், நின்றுகொண்டு போட்டால் மயங்கி விழுவார்.

இருமுவது பற்றிய செய்தி தவறு. இருமிக்கொண்டு தனியாக உட்கார்ந்திருக்கும் நேரத்தில் 108 வந்து சேர்ந்திருக்கும்.

மாரடைப்பு என்று பலமாகச் சந்தேகம் இருந்தால் வீட்டில் கொடுக்கக்கூடியது ஆஸ்பிரின் 300 மில்லிகிராம், மென்று விழுங்க வேண்டும். ஆஸ்பிரின் ஒவ்வாதவர்கள், வயிற்றில் ரத்தக்கசிவு இருந்தவர்கள் எடுக்கக் கூடாது. 108-இல் பேசும்போது கேட்டுவிட்டுக் கொடுப்பது நல்லது. தமிழ்நாட்டில் 2023 முதல் இதயம் காப்போம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் இதற்கான மாத்திரைகள் வைத்திருக்கிறார்கள். ஆஸ்பிரின் 2, ரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோகிரல் 4, கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாடின் 8, ஆக 14 மாத்திரைகள். பெரிய மருத்துவமனை தூரத்தில் இருக்கும் கிராமத்தினர் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் தவணையை அங்கே போட்டுக்கொண்டு பெரிய மருத்துவமனைக்குப் போகலாம்.

பனங்கூடல் | செவ்வாய், காலை 10.40

யாழ்ப்பாணத்திலிருந்து வாசிக்கிறேன். எங்கள் பக்கத்தில் 108 இல்லை. இலங்கையில் 1990 என்ற எண்ணை அழைத்தால் சுவசெரிய இலவச அம்புலன்ஸ் வரும். இங்கிருந்து வாசிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

வெயில்மழை | செவ்வாய், நண்பகல் 12.15

எனக்கு 24 வயது. என் நெஞ்சு வலியும் இதயத்திலிருந்துதான் வந்தது, ஆனால் அடைப்பு இல்லை. காய்ச்சல், சளி வந்து ஒரு வாரம் கழித்து நெஞ்சில் கத்தி குத்துவது போல வலி. மூச்சை ஆழமாக இழுத்தால் கூடும், மல்லாந்து படுத்தால் தாங்க முடியாது. தலையணையைக் கட்டிக்கொண்டு முன்னால் குனிந்து உட்கார்ந்தால் மட்டும் குறையும். இரண்டு இரவுகள் அப்படியே உட்கார்ந்து தூங்கினேன். டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டுவிட்டு, "உரசும் சத்தம் கேட்கிறது" என்றார். இதயத்தைச் சுற்றியிருக்கும் உறையில் அழற்சியாம். வலி மாத்திரையும், அழற்சியைக் குறைக்கும் கோல்ச்சிசின் மூன்று மாதமும் சாப்பிட்டேன். அதுவரை கால்பந்து விளையாடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். குனிந்தால் குறைகிறது என்று நான் சொன்ன ஒரு வரியில்தான் அவர் பிடித்துக்கொண்டார்.

மணிமுத்தாறு | செவ்வாய், பிற்பகல் 2.20

இன்னொரு வகையையும் சொல்கிறேன். அப்போது இரண்டாவது குழந்தை வயிற்றில், ஆறு மாதம். மாடிப்படி ஏறினால் நெஞ்சு இறுகி மேல்மூச்சு வாங்கியது. கர்ப்பிணிக்கு அப்படித்தான் இருக்கும் என்றார்கள். இரவில் படுக்க முடியாமல் மூன்று தலையணை வைத்தேன். இருமினால் சளியில் ரத்தக் கோடு வந்தது. அதன்பிறகுதான் எக்கோ எடுத்தார்கள். இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ள வால்வு சுருங்கியிருந்தது. சிறுவயதில் வந்த தொண்டைப் புண்ணும் மூட்டு வீக்கமும்தான் வால்வைக் கெடுத்திருக்கின்றன, அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கர்ப்ப காலத்தில் உடலில் ரத்தத்தின் அளவே கூடிவிடும் என்பதால் அதுவரை சமாளித்த வால்வு தாங்கவில்லை. தொடை வழியாகப் பலூன் விட்டு விரித்தார்கள். நானும் மகளும் நன்றாக இருக்கிறோம். அந்தத் தொண்டைக் கிருமி மறுபடி வராமல் இருக்க, இப்போதும் 21 நாட்களுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட்டுக்கொள்கிறேன்.

கர்ப்பிணிக்கு மூச்சு வாங்குவது இயல்புதான். படுக்க முடியாமல் போவது இயல்பு இல்லை. பெண்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

செங்காந்தள் | செவ்வாய், மாலை 5.00

டாக்டர் ஐயாவிடம் ஒரு கேள்வி. அப்பா இறந்த மூன்றாம் நாள் அம்மாவுக்கு நெஞ்சு அடைத்தது. அம்மாவுக்கு 67 வயது. ஈசிஜியில் மாரடைப்பு என்றார்கள், ட்ரோபோனினும் கூடியிருந்தது. ரத்தக் குழாய்க்குள் மருந்து செலுத்திப் படம் எடுக்கும் ஆஞ்சியோகிராமில் இதயக் குழாய்கள் சுத்தமாக இருந்தன. துக்கத்தில் வந்தது என்றார் மருத்துவர். உறவினர்கள் சிலர் இன்றுவரை அம்மா நடித்தார்கள் என்று பேசுகிறார்கள். துக்கத்தில் இதயம் நோகுமா?

ஊர்மருத்துவர் | செவ்வாய், இரவு 9.15

நோகும். கண்ணால் பார்க்கவும் முடியும். பெரிய அதிர்ச்சியில் உடலில் பெருகும் சுரப்புகளால் இதயத்தின் இடது கீழறையின் நுனிப்பகுதி தற்காலிகமாகச் செயலிழந்து பலூன் போல உப்பிவிடுகிறது. ஜப்பானிய மருத்துவர்கள் 1990-இல் இதற்கு டாக்கோட்சுபோ என்று பெயர் வைத்தார்கள். அங்கே மீனவர்கள் ஆக்டோபஸ் பிடிக்கும் வாய் குறுகிய பானையின் பெயர் அது. உப்பிய இதயம் அந்த வடிவத்தில் இருக்கும். மாதவிடாய் நின்ற பெண்களுக்குத்தான் அதிகம். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும், ஆனால் முதல் நாட்களில் ஆபத்தும் உண்டு. உங்கள் அம்மாவின் எக்கோ படத்தை வைத்திருந்தால் அந்த உறவினர்களிடம் காட்டுங்கள்.

குழாய் சுத்தமாக இருந்தும் இறுகும் காரணங்கள் வேறும் உள்ளன. குழாய் திடீரெனச் சுருங்கிக்கொள்வது ஒன்று, அது பெரும்பாலும் நள்ளிரவிலோ விடியற்காலையிலோ ஓய்வில் வரும். படத்தில் தெரியாத மிக நுண்ணிய குழாய்கள் சரியாக விரியாமல் போவது இன்னொன்று, அது பெண்களிடம் கூடுதல். "ஆஞ்சியோவில் ஒன்றுமில்லை, மனக்கற்பனை" என்று அவர்களை அனுப்பிவிடுவது தவறு.

இன்னும் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. நெஞ்சிலோ முதுகிலோ கிழிப்பது போல, தொடங்கும்போதே உச்சத்தில் வரும் வலி. இதயத்திலிருந்து புறப்படும் பெரிய ரத்தக் குழாயான மகாதமனியின் சுவர் உட்புறம் கிழிவதால் வருவது. இரண்டு கைகளிலும் ரத்த அழுத்தம் வேறு வேறாக இருக்கலாம். அதற்கு ஆஸ்பிரினும் ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தும் கொடுத்தால் கேடு. அப்படி வந்தால் வீட்டில் எதையும் கொடுக்காமல் நேராகப் பெரிய மருத்துவமனை.

கரிசல்காட்டான் | புதன், காலை 7.40

வணக்கம். நான் அவருடைய மகள் எழுதுகிறேன். அப்பா கைப்பேசியைக் கொடுத்து, இங்கே தகவல் சொல்லச் சொன்னார்.

நேற்றுக் காலை மருத்துவர் ஐயா எழுதியதைப் படித்துவிட்டுக் கிளம்பினோம். ஆட்டோவில் உட்கார்ந்திருக்கும்போதே அப்பாவுக்கு இறுக்கம் வந்துவிட்டது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதல் ஈசிஜியில் சின்ன மாற்றம் தெரிந்தது. கையில் இருந்த பழைய தாளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முதல் ட்ரோபோனின் சந்தேகமான அளவில் இருந்தது. மூன்று மணி நேரம் கழித்து எடுத்ததில் நன்றாகக் கூடியிருந்தது. இதயப் பிரிவில் சேர்த்தார்கள். மாலையில் மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோகிராம் செய்தார்கள். இதயத்தின் முன்பக்கக் குழாயில் 90 சதவீதம் அடைப்பு. அங்கேயே குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாயை வைத்துவிட்டார்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்ததால் பணம் கட்டவில்லை.

இரவுப்பணி அத்தை, அப்பா உங்களைத்தான் முதலில் கேட்டார். "அத்தை தூங்கினார்களா" என்று.

நீர்க்கடம்பு | புதன், காலை 7.55

கண்ணு, அப்பாவைப் பத்திரமாகப் பார்த்துக்கொள். இதற்கு மேல் எழுத வரவில்லை.

வேப்பமரநிழல் | புதன், காலை 8.30

பூண்டுப் பால் சொன்னதற்கு மன்னித்துவிடுங்கள் அண்ணா. என் அண்ணனிடம் இன்று காலை இதைப் படித்துக் காட்டினேன். எனக்கு வந்தது நெஞ்செரிச்சலா வேறெதுவுமா என்று நானும் ஈசிஜி எடுக்கப் போகிறேன்.

கரிசல்காட்டான் | ஞாயிறு, மாலை 6.20

வீட்டுக்கு வந்து இரண்டு நாட்கள் ஆகின்றன. எல்லோருடைய பதிவையும் இன்றுதான் முழுதாகப் படித்தேன். அம்மா ஓம டப்பாவைப் பரணில் ஏற்றிவிட்டார்கள். அழுகிறார்கள். தினமும் கையால் வைத்துக் கொடுத்தது நான்தானே என்கிறார்கள். நானும்தான் நம்பினேன், உங்கள் மேல் தவறில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இரவுப்பணி அக்கா, இரண்டு கேள்விகள். அடுத்த மாதம் ஒரு கடைவாய்ப்பல் பிடுங்க வேண்டியிருக்கிறது, ரத்தம் உறையாமல் இருக்கத் தந்த மாத்திரைகளை இரண்டு நாள் நிறுத்தினால் போதும் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். மற்றது, சைக்கிள் எப்போது ஓட்டலாம்?

இரவுப்பணி | ஞாயிறு, மாலை 6.45

மாத்திரையை ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். புதிய ஸ்டென்டில் ரத்தம் உறைந்தால் குழாய் ஒரேயடியாக அடைத்துக்கொள்ளும். ஆஸ்பிரினோடு இன்னொரு மாத்திரையும் சேர்த்துப் பொதுவாக ஒரு வருடம் தருவார்கள். அதை நிறுத்தவோ குறைக்கவோ இதய மருத்துவர் ஒருவர்தான் சொல்ல வேண்டும். பல் மருத்துவரிடம் ஸ்டென்ட் வைத்ததை முதலில் சொல்லுங்கள், பல்லைத் தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடுவார்.

சைக்கிள் பற்றி அடுத்த பரிசோதனையில் கேளுங்கள். அதுவரை சமதரையில் மெதுவாக நடங்கள், நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டுங்கள். அம்மாவை என் சார்பில் கேட்டதாகச் சொல்லுங்கள். ஓமம் வயிற்றுக்கு நல்லதுதான், டப்பாவை இறக்கி வைக்கச் சொல்லுங்கள்.

கரிசல்காட்டான் | ஞாயிறு, இரவு 8.10

சொல்கிறேன் அக்கா. என்னைப் பார்க்க வந்த பேக்கிங் பிரிவுத் தம்பி ஒருவன், வயது 44, மாடிப்படி ஏறினால் தாடை வலிக்கிறது என்றான். பல் டாக்டரிடம் இரண்டு முறை போய்வந்துவிட்டானாம், பல்லில் ஒன்றுமில்லையாம். என்னால் கூடப் போக முடியாது. நாளை காலை 7 மணிக்கு மைத்துனர் அவனை அழைத்துப் போகிறார்.

இரவுப்பணி | ஞாயிறு, இரவு 8.15

ஏறும்போது வலிக்கிறது, நின்றால் போகிறது என்று அந்தத் தம்பியே தன் வாயால் டாக்டரிடம் சொல்லட்டும். பல்வலி என்று தொடங்க வேண்டாம். இன்றிரவு உட்கார்ந்திருக்கும்போது வந்தால் 7 மணி வரை காத்திருக்கக் கூடாது, இதை இப்போதே அவனுக்குப் போன் செய்து சொல்லுங்கள்.

கரிசல்காட்டான் | ஞாயிறு, இரவு 8.25

சொல்லிவிட்டேன் அக்கா. அவன் மனைவியிடமும் சொல்லிவிட்டேன்.